கரியாலூர் பாட்டில்களும் என் பெயின்ட் பிரஷ்ஷும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. வீட்டு வேலை, பிள்ளைகளோட பரீட்சை, நடுவுல ஒரு காய்ச்சல்னு ஓடிப் போச்சு. இன்னிக்கு ஒரு விஷயத்தைக் கொட்டியே ஆகணும்னு உட்கார்ந்திருக்கேன். நீளமாத்தான் இருக்கும். டீயோ காபியோ பக்கத்துல வெச்சுக்கிட்டு படிங்க.

விஷயம் பாட்டில். ஆமாங்க, கண்ணாடி பாட்டில்தான். (இலங்கை நண்பர்கள் 'போத்தல்'னு வாசிச்சுக்கவும். எங்க ஆயா 'சீசா'ம்பாங்க.)

பழைய பாட்டிலுக்கு பெயின்ட் அடிச்சு, சணல் கயிறு சுத்தி, உள்ளே குட்டி லைட் போட்டு, பிறந்தநாள், புதுமனைப் புகுவிழான்னு போற இடமெல்லாம் பரிசாக் கொடுத்துக்கிட்டு இருக்கறவ நான். 2020 ஊரடங்குல ஆரம்பிச்ச கிறுக்கு இது. அப்போ ஊர்ல பாதிப் பேர் கேக் செஞ்சாங்க, மீதிப் பேர் மாடித்தோட்டம் போட்டாங்க. நான் பாட்டிலைப் பிடிச்சேன். ரங்கமணி இந்த வாக்கியத்தைப் படிச்சா தலையில அடிச்சுக்குவார் :-)

முதல்ல வீட்டுல இருந்த ஜாம் பாட்டில், சாஸ் பாட்டில்னு தீர்த்தேன். அப்புறம் வேற வழியில்லாம காயலான் கடைக்குப் போனேன். கள்ளக்குறிச்சி மாதிரி ஊர்ல ஒரு குடும்பப் பொம்பளை காயலான் கடையில நின்னு, "அண்ணே, குவார்ட்டர் பாட்டில் நாலு, ஃபுல் பாட்டில் ரெண்டு"ன்னு கேட்டா எப்படி இருக்கும்? கடைக்கார அண்ணன் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். அப்புறம் மெதுவா, "காலி பாட்டில்தானேம்மா?"ன்னார். பக்கத்துல பழைய பேப்பர் போட வந்தவர் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கே, அது தனிக்கதை.

ஆக, இதோட அழகும் தெரியும், அவமானமும் தெரியும். அந்த அனுபவத்துல ஒண்ணு சொல்றேன்: பாட்டில்ல பூ வரையறது நல்ல பொழுதுபோக்கு. ஆனா அதை 'மறுசுழற்சி'ன்னு சொல்லி நாம நம்மளையே ஏமாத்திக்கறோம். நானும்தான். மூணு வருஷம் மார்தட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். கரியாலூர் போய்ட்டு வந்தப்புறம்தான் அந்த மார்தட்டல் நின்னுச்சு.

கொசுவத்தி சுத்தறேன்...

தெரியாதவங்களுக்கு ஒரு வரி அறிமுகம். கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர்ல விழுப்புரத்துல இருந்து பிரிஞ்சு வந்தது. மாவட்டத்துக்கு மேற்கே கல்வராயன் மலை. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி மலை ஏறினா, வெள்ளிமலை, கரியாலூர்னு மேலே ஊருங்க. மலையாளிப் பழங்குடி மக்கள் இருக்கற மலை. (பேரைப் பார்த்துட்டு கேரளான்னு நெனைக்காதீங்க. மலையை ஆள்றவங்கன்னு அர்த்தம், பேசறது தமிழ்தான்.) கரியாலூர்ல படகுக் குழாம் இருக்கு, பிள்ளைங்க விளையாடப் பூங்கா இருக்கு. வழியில பெரியார் அருவி, மேகம் அருவின்னு அருவிங்களும் உண்டு. ஊட்டி, ஏற்காடு அளவுக்குப் பேர் இல்லை. அதனாலேயே எங்களுக்குப் பிடிக்கும். காசு அதிகம் ஆகாது, கூட்டமும் கம்மி.

ஒரு ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட போனோம். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கிட்டு. அருவிக்குப் பக்கத்துல ஓடையில பிள்ளைங்க கால் நனைக்கணும்னு ஒரே அடம். செருப்பைக் கழட்டச் சொல்லிட்டுப் பார்க்கறேன், தண்ணிக்குள்ள பளபளன்னு ஏதோ. கூழாங்கல்லுன்னு நெனைச்சேன். கல்லு இல்லீங்க, கண்ணாடி. பச்சை, காப்பி கலர், வெள்ளை. பாறை இடுக்கு பூராவும் உடைஞ்ச பாட்டில் துண்டு.

பிள்ளைங்களை இழுத்துக் கரையில உட்கார வெச்சேன். சாப்பாட்டு மூட்டை கொண்டு போன சாக்கை எடுத்துக்கிட்டு நானும் ரங்கமணியும் பொறுக்க ஆரம்பிச்சோம். அவர் மனசுல என்ன ஓடியிருக்கும்னு எனக்குத் தெரியும்: 'லீவு நாள்லயும் பாட்டில் பொறுக்க விட்டுட்டாளே.' ரெண்டு மணி நேரத்துல முழுசா இருந்த பாட்டில் மட்டும் அம்பத்திரண்டு. உடைஞ்சதை எண்ணலை. எண்ணவும் முடியாது.

திரும்பி வர்ற வழியில ஒரு டீக்கடை. கூரை போட்ட சின்னக் கடை, ஒரு அக்கா தனியா நடத்தறாங்க. சாக்கு கலகலன்னு சத்தம் போட்டதைக் கேட்டுட்டு, "எதுக்கு கண்ணு இத்தனை?"ன்னாங்க. நானும் பெருமையா, "வீணாப் போறதை அழகுப் பொருளா மாத்துவேங்க்கா"ன்னேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. கடைக்கு வெளியே உட்கார்ந்திருந்த ஒரு பையனைக் காட்டினாங்க. ஆடு மேய்க்கப் போற பையன், பத்து வயசு இருக்கும். உள்ளங்கால்ல பழைய வேட்டித் துணிக் கட்டு. கண்ணாடி ஏறி நாலு தையல் போட்டாங்களாம். "மூணாவது தடவை"ன்னாங்க.

அவன் காலைக் கிழிச்சது உடைஞ்ச பாட்டில். என் சாக்குல இருந்ததோ உடையாத பாட்டில். வண்டியில வரும்போது இது மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருந்தது. என் கலைக்கு முழு பாட்டில்தான் வேணும். ஆபத்தான துண்டால எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை, அதனால அதை நான் பொறுக்கவும் இல்லை. நல்லதைப் பொறுக்கிக்கிட்டு கெட்டதை அங்கேயே விட்டுட்டு வந்திருக்கேன். இதுக்குப் பேரு சுத்தம் பண்றதா?

சரி, கணக்குப் பார்ப்போம்

அம்பத்திரண்டு பாட்டில் வந்ததா? ஏழு மாசத்துல நான் முடிச்சது பதினொண்ணு. மீதி நாப்பத்தொண்ணு மொட்டை மாடியில, கொசு முட்டை போட்டுடக் கூடாதேன்னு கவுத்து வெச்சிருக்கு. இவ்வளவுதான் என் 'மறுசுழற்சி'யோட வேகம். அந்த ஓடையில ஒரே ஒரு ஞாயித்துக்கிழமை சேர்றதை நான் ஒரு வருஷம் பெயின்ட் அடிச்சாலும் தீராது.

ஏன் இவ்வளவு நேரம்னு கேக்கறவங்களுக்கு, செய்முறையையும் சொல்லிடறேன். முயற்சி பண்றவங்களுக்கு உதவும்.

பாட்டிலை சோடா உப்பும் சோப்புத்தூளும் கலந்த வெந்நீர்ல ராத்திரி பூரா ஊற வைக்கணும். லேபிள் தானா உரிஞ்சு வரும். பசை பிசுபிசுப்பு போகலைன்னா தேங்காண்ணெய் தடவித் தேய்ங்க. நல்லா காய்ஞ்சதும் உப்புத்தாள் வெச்சு லேசாத் தேச்சு, பிரைமர் ஒரு கோட்டு. கண்ணாடி வழவழன்னு இருக்கறதால நேரா பெயின்ட் அடிச்சா நகத்துல கீறினாலே உரியும். பிரைமர் காய்ஞ்சப்புறம் அக்ரிலிக் பெயின்ட். வரைய வராதுன்னு பயப்படறவங்க பூப்போட்ட டிஷ்யூ பேப்பர்ல மேல் அடுக்கை மட்டும் உரிச்சு, தண்ணி கலந்த ஃபெவிகால்ல ஒட்டிட்டு வார்னிஷ் அடிச்சாப் போதும், கையால வரைஞ்ச மாதிரியே இருக்கும். பூ வேலை புடைப்பா வேணும்னா எம்-சீல். அதுவும் வராதுன்னா சணல் கயிறு சுத்திடுங்க, எந்த அசிங்கத்தையும் அது மூடிடும் :-)

வெட்ட மட்டும் வேணாம். நூலை நெயில் பாலிஷ் ரிமூவர்ல நனைச்சு பாட்டில்ல சுத்தி, பத்த வெச்சு, டபக்னு பச்சைத் தண்ணியில முக்கினா நூல் சுத்தின இடத்துல கண்ணாடி ரெண்டாப் பொளக்கும்னு வீடியோல எல்லாம் காட்டறாங்க. விஷயம் உண்மைதான். சூட்டுல கண்ணாடி விரியும், திடீர்னு குளிர்ந்தா அந்த இடம் மட்டும் சுருங்கும், இழுவை தாங்காம விரிசல் விடும். ஆனா விரிசல் நாம சொன்ன வழியிலேயே போகும்னு எந்த உத்தரவாதமும் இல்லை. நான் பண்ணின ஆறுல நாலு கோணலாப் போச்சு, ஒண்ணு தொட்டியிலயே சில்லு சில்லாச்சு. ரிமூவர்ல இருக்கற அசிட்டோன் பக்குனு பத்திக்கற சரக்கு, ஒருநாள் புடவை முந்தானை நூலிழையில தப்பிச்சது. வெட்டின விளிம்பைத் தேய்க்கும்போது வர்ற தூசி கண்ணுக்கும் ஆகாது, மூச்சுக்கும் ஆகாது. தேச்சே ஆகணும்னா தண்ணி விட்டு வாட்டர் பேப்பர்லதான் தேய்க்கணும். மூக்குக்குத் துணி, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.

ஒரு பாட்டிலுக்கு ஆற வைக்கற நேரத்தை விட்டுட்டா, கை வேலை மட்டும் நாலு மணி நேரம். செலவு: காலி பாட்டில் மூணு ரூபா, பெயின்ட் இருபத்தஞ்சு, சணல் பதினஞ்சு, கார்க் வெச்ச குட்டி லைட் அறுபது. மொத்தம் நூத்திமூணு. எங்க ஊர்ல இதை அதிகபட்சம் இருநூத்தம்பதுக்கு மேல யாரும் வாங்க மாட்டாங்க. மிச்சம் நூத்தி நாப்பத்தேழு. மணிக்கு முப்பத்தேழு ரூபா கூட முழுசா வரலை. அதுவும் வித்தால்!

இதை ஏன் இவ்வளவு விலாவாரியாச் சொல்றேன்னா, மகளிர் குழுக்களுக்குத் தொழில் பயிற்சின்னு இதைச் சொல்லிக் கொடுக்கற பழக்கம் அங்கங்கே இருக்கு. நானே ஒரு தடவை சொல்லிக் கொடுக்கப் போயிருக்கேன். மூணு நாள் வகுப்பு, கடைசி நாள் சான்றிதழ், குரூப் போட்டோ, சமோசா. எல்லாம் நல்லபடியா முடிஞ்சது. ஆறு மாசம் கழிச்சு அதுல இருந்த ஒரு அம்மாவை பஸ்ல பார்த்தேன். "செஞ்சேன் டீச்சர். பத்து செஞ்சேன். ரெண்டு வித்துச்சு, எட்டு வூட்டுல இருக்கு"ன்னாங்க. கோபமா சொல்லலை, சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை. சந்தை எங்கேன்னு யோசிக்காம கைத்தொழில் கத்துக் கொடுக்கறது, ஆத்துல தண்ணி இருக்கான்னு பார்க்காம பரிசல் கொடுக்கற மாதிரி.

கண்ணாடிக்கு நாம் செய்யற துரோகம்

இது கொஞ்சம் கசப்பான உண்மை. எனக்கே உறைக்க நாளாச்சு.

கண்ணாடின்னா என்ன? பெரும்பகுதி மணல். கூட சோடா சாம்பல், சுண்ணாம்புக்கல். சுமார் 1500 டிகிரி சூட்டுல உருக்கறாங்க. இதுல ஒரு அதிசயம் என்னன்னா, உடைஞ்ச கண்ணாடியை மறுபடி உருக்கினா பழைய தரத்திலேயே புதுக் கண்ணாடி வரும். எத்தனை தடவை வேணா. பிளாஸ்டிக் அப்படி இல்லை, ஒவ்வொரு சுத்துக்கும் தரம் இறங்கும். அதுவுமில்லாம உலையில பழைய கண்ணாடியை நூத்துக்குப் பத்து பங்கு சேர்த்தா, எரிபொருள் ரெண்டரை, மூணு சதவீதம் மிச்சமாகும்.

அதைவிட நல்லது உருக்காமலேயே கழுவித் திரும்ப நிரப்பறது. நம்ம கோலி சோடா பாட்டிலை யோசிச்சுப் பாருங்க. 1870-கள்ல ஹிராம் காட்ங்கற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கின வடிவம் அது. கடைக்காரர் பாட்டிலை வீட்டுக்குத் தர மாட்டார். அங்கேயே நின்னு குடிச்சுட்டு வெச்சுட்டுப் போகணும். பத்து வயசுல அது கஞ்சத்தனமாத் தோணுச்சு. இப்போ யோசிச்சா, ஒரே பாட்டில் எத்தனை நூறு பேர் தாகத்தைத் தீர்த்திருக்கும்!

இப்போ நான் பண்றதைப் பாருங்க. முடிவே இல்லாமச் சுத்தி வரக்கூடிய ஒரு கண்ணாடி மேல பிரைமர், பெயின்ட், எம்-சீல், ஜிகினா, வார்னிஷ் எல்லாம் அப்பி ஒட்டிடறேன். இனி அதைக் கழுவி நிரப்ப முடியாது. காயலான் கடையிலயும் எடுக்க யோசிப்பாங்க. ஷோகேஸ்ல ரெண்டு வருஷம் இருந்துட்டு, லைட் எரியறது நின்னதும் நேராக் குப்பைமேட்டுக்குத்தான். சுத்திக்கிட்டு இருந்த ஒண்ணை நிறுத்தி, அதுக்கு மறுசுழற்சின்னு பேரும் வெச்சிருக்கேன்.

(நான் கொடுத்த ஒரு பாட்டிலை தோழி வீட்டுல செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி பார்த்தேன். அவ என்னைப் பார்த்தா. நான் பாட்டிலைப் பார்த்தேன். ரெண்டு பேரும் பிள்ளைங்க படிப்பைப் பத்திப் பேசினோம்.)

"உலகத்துல எவ்வளவு பெரிசா எல்லாம் பண்ணியிருக்காங்க"ன்னு நீங்க கேக்கலாம். உண்மைதான். தாய்லாந்துல சீசாகெத் பக்கம் 1984-ல இருந்து புத்த பிட்சுக்கள் பியர் பாட்டிலாலேயே கோயில் கட்டினாங்க. பத்து லட்சம் பாட்டில் கோயில்னே அதுக்குப் பேர். சண்டிகர்ல நேக் சந்த் உடைஞ்ச வளையல், ஓடு, பீங்கான் எல்லாத்தையும் வெச்சு யாருக்கும் தெரியாம ஒரு தோட்டமே உருவாக்கினார், 1976-ல பொதுமக்களுக்குத் திறந்தாங்க. கவனிங்க, நேக் சந்த் நான் விட்டுட்டு வந்த உடைஞ்ச துண்டைத்தான் எடுத்தார். அதனாலதான் அவர் நேக் சந்த், நான் நான் :-)

ஆனா எனக்கு இவங்களைவிட ஹைனெகன் கதைதான் பிடிச்சது. அந்த பியர் கம்பெனி முதலாளி 1960-கள்ல கரீபியன் தீவு ஒண்ணுல கடற்கரை பூரா காலி பாட்டில் கிடக்கறதையும், வீடு கட்டப் பொருள் இல்லாம ஜனங்க இருக்கறதையும் பார்த்தாராம். காலியானப்புறம் செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் கட்டற வடிவத்துல 1963-ல ஒரு சதுர பாட்டிலே செஞ்சு பார்த்தாங்க. வியாபாரத்துல அது எடுபடலை, நின்னு போச்சு. ஆனா அந்த யோசனை சரி. காலி பாட்டில் எங்கே போகும்னு பாட்டில் செய்யறவன் யோசிச்சிருக்கான். நம்ம ஊர்ல அந்த யோசனையை, குடிக்காத, விக்காத, செய்யாத நாம பெயின்ட் பிரஷ்ஷோட பண்ணிக்கிட்டு இருக்கோம்.

பத்து ரூபா செஞ்ச வேலை

நீலகிரியில என்ன நடந்துச்சுன்னு உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும். காட்டுல உடைஞ்ச பாட்டில் மேல யானை கால் வெச்சா, உள்ளங்கால் கிழிஞ்சு, சீழ் பிடிச்சு, அவ்வளவு பெரிய உயிர் நடக்க முடியாம செத்துப் போகும். இந்த விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரைக்கும் போய், நீதிமன்றம் கண்டிப்பாச் சொன்னதுல 2022 மே மாசம் நீலகிரி டாஸ்மாக் கடைங்கள்ல ஒரு திட்டம் வந்தது. பாட்டிலுக்குப் பத்து ரூபா கூட வாங்குவாங்க. காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்தப் பத்து ரூபா வாபஸ். அவ்வளவுதான். அங்கே வித்த பாட்டில்ல பெரும்பகுதி திரும்பி வந்துச்சு. அப்புறம் படிப்படியா மத்த மாவட்டங்களுக்கும் கொண்டு போனாங்க.

யோசிச்சுப் பாருங்க. எத்தனை போர்டு வெச்சோம், 'இயற்கையைக் காப்போம்'னு? எத்தனை பள்ளிக்கூடத்துல ஓவியப் போட்டி? பத்து ரூபாயை பாறை மேல வீசி உடைக்க எவனுக்கும் மனசு வராது. அப்படியே அவன் போட்டுட்டுப் போனாலும், பத்து ரூபாய்க்காக வேற ஒருத்தர் பொறுக்கி எடுத்துட்டுப் போயிடுவாங்க. பாட்டில் உடையறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு விலை இருக்கணும். அந்தப் பையன் காலைக் காப்பாத்தறது அதுதான், என் பெயின்ட் இல்லை.

திட்டத்துல குறை இல்லாம இல்லை. காலி பாட்டிலை எண்ணி, வாங்கி, அடுக்கறது கடை ஊழியர்களுக்கு இரட்டை வேலை. இடம் இல்லை, ஆள் இல்லைன்னு அவங்க சங்கங்க போராட்டமும் பண்ணினாங்க. அவங்க கேக்கறது நியாயம். 2003 முடிவுல இருந்து சில்லறை விற்பனையையும் அரசாங்கமே நடத்துது. இருபது வருஷத்துக்கு மேல விக்கத் தெரிஞ்ச அமைப்புக்கு, காலியைத் திரும்ப எடுக்க ஒரு இடமும் ரெண்டு ஆளும் போடத் தெரியாதா?

கரியாலூர் மாதிரி இடத்துக்கு இன்னொரு சிக்கல். மேலே வர்ற பாட்டில் பூராவும் கீழே எங்கெங்கயோ வாங்கினது. வாங்கின ஊர்ல கொடுத்தாத்தான் காசுன்னா, ஊர் போற அவசரத்துல பாதி பாட்டில் மலையிலேயே தங்கிடும். பாண்டிச்சேரி பாட்டிலா இருந்தா நம்ம ஊர்ப் பத்து ரூபாயும் கிடையாது. அதனால என் யோசனை ரெண்டு. ஒண்ணு, மலையில இருக்கற மக்களே பொறுக்கிக் கொடுத்து பத்து ரூபா வாங்கற மாதிரி மேலேயே ஒரு இடம். என் பயிற்சி வகுப்பைவிட அது அந்த மகளிர் குழுக்களுக்கு நிச்சயமான வருமானம். ரெண்டாவது, உடைஞ்ச கண்ணாடியை எடை போட்டு வாங்கற ஏற்பாடு. முழு பாட்டிலுக்கு மட்டும் காசுன்னா, உடைஞ்சது என்னை மாதிரி ஆளுங்களால கைவிடப்பட்ட மாதிரியே அங்கேயே கிடக்கும்.

அந்த அக்கா சொன்னது

இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சேன். எழுதிடறேன்.

அந்தப் பதினொண்ணுல இருக்கறதுலேயே அழகா வந்த ஒண்ணை, டீக்கடை அக்காவுக்குன்னு எடுத்து வெச்சேன். மயில்கழுத்து நீலத்துல பூ வேலை. உள்ளே லைட் போட்டா நட்சத்திரம் மாதிரி மினுங்கும். அடுத்த தடவை மலைக்குப் போனப்போ கொண்டு போய்க் கொடுத்தேன். "உங்க ஊர் பாட்டில்தாங்க்கா"ன்னேன்.

கையில வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "நல்லா இருக்கு கண்ணு, கை வேலை சுத்தமா இருக்கு"ன்னாங்க. அப்புறம் என் கையிலேயே திருப்பிக் கொடுத்துட்டாங்க.

"தப்பா நெனைக்காத. எங்க வூட்டுக்காரர் இருந்தவரைக்கும் இந்த பாட்டிலைத்தான் நான் ஒளிச்சு ஒளிச்சு வெச்சேன். இப்பப் போயி நடு வூட்டுல லைட்டு போட்டு வெக்கச் சொல்றியே."

எனக்குப் பேச்சே வரலை.

நான் கள்ளக்குறிச்சிக்காரிங்க. 2024 ஜூன்ல எங்க ஊர் கருணாபுரத்துல மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு அறுபதுக்கும் மேல செத்துப் போனாங்க. தெருவுல வரிசையாப் பந்தல் போட்டிருந்ததை நாடே டிவியில பார்த்துச்சு. அந்தச் சாவு கண்ணாடி பாட்டில்ல வரலை, பிளாஸ்டிக் பாக்கெட்டுல வந்துச்சு. கல்வராயன் மலைன்னாலே சாராயம்னு வெளியூர்க்காரங்க பேசறதையும், அதைக் கேட்டு மலை சனங்க முகம் சுருங்கறதையும் நான் பார்த்திருக்கேன். இவ்வளவும் தெரிஞ்ச நான், ஒரு குவார்ட்டர் பாட்டில் மேல பூ வரைஞ்சு, ஒரு தாலியறுத்த பொம்பளைகிட்ட 'பரிசு'ன்னு நீட்டியிருக்கேன். பாட்டிலோட வடிவத்தை எந்தப் பெயின்ட்டாலும் மறைக்க முடியாதுன்னு எனக்குத் தோணவே இல்லை. அந்த வடிவத்தை இருட்டுல தடவிப் பார்த்தே கண்டுபிடிக்கற பொம்பளைங்க நம்ம ஊர்ல லட்சக்கணக்குல இருக்காங்க.

பரிசுங்கறது கொடுக்கறவங்க திறமையைக் காட்டறதுக்கு இல்லை. வாங்கறவங்க வீட்டுல அதுக்கு இடம் இருக்கான்னு முதல்ல பார்க்கணும். இது எனக்கு நாப்பத்திச் சொச்சம் வயசுல, கரியாலூர் போற வழியில, ஒரு டீக்கடையில தெரிஞ்சது.

கிளம்பும்போது அக்கா உள்ளே போய் ஒரு பாட்டிலை எடுத்துட்டு வந்து கையில வெச்சாங்க. மலைத்தேன். லேபிள் உரிச்சு, வெந்நீர்ல அலசி, வெயில்ல காய வெச்சு, புது மூடி போட்ட சாதா சாஸ் பாட்டில். பெயின்ட் இல்லை, கயிறு இல்லை. "தேன் தீந்ததும் பாட்டிலை மட்டும் கொண்டாந்து குடுத்துடு கண்ணு, அடுத்த தேனுக்கு ஆகும்"ன்னாங்க.

நான் இவ்வளவு நீளமா எழுதினதை அவங்க ஒரே வரியில முடிச்சுட்டாங்க.

அப்போ விட்டுடறதா?

இல்லீங்க. விடப் போறதில்லை. சாயங்காலம் பிரஷ் எடுத்து உட்கார்ந்தா மனசு அடங்குது, பிள்ளைங்க செல்போனை வெச்சுட்டு பக்கத்துல வந்து உட்காருதுங்க. அதுக்கு விலை இல்லை. பொழுதுபோக்கைப் பொழுதுபோக்குன்னே சொல்லிட்டுப் போறேன். பூமியைக் காப்பாத்தறேன்னு இனிமே சொல்ல மாட்டேன், அவ்வளவுதான்.

எனக்கு நானே போட்டுக்கிட்ட சட்டம் சிலது:

1. சாராய பாட்டில் இனி கிடையாது. ஜாம், சாஸ், காபித்தூள், மருந்து பாட்டில் மட்டும்.
2. பெயின்ட், எம்-சீல் குறைச்சு, கழட்டக்கூடிய கயிறு, துணி, உள்ளே வைக்கற செடி. நாளைக்கு வேணாம்னா பாட்டில் மறுபடி பாட்டிலா ஆகணும்.
3. மணிபிளான்ட் ஒரு கொத்து தண்ணியில போட்டுக் கொடுத்தாலே போதும். அது எந்த வீட்டுலயும் செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி போகாது.
4. மலைக்குப் போனா வண்டியில ரெண்டு சாக்கு. ஒண்ணு முழுசுக்கு, ஒண்ணு உடைஞ்சதுக்கு. கெட்டியான கையுறை, ஷூ கட்டாயம்.

மொட்டை மாடியில இருந்த நாப்பத்தொண்ணையும் காயலான் கடை அண்ணன்கிட்ட கொண்டு போய்ப் போட்டேன். "என்னம்மா, விட்டுட்டீங்களா?"ன்னு கேட்டார். கடையில நின்ன நாலு பேர் திரும்பிப் பார்த்தாங்க. "ஆமாண்ணே, விட்டுட்டேன்"னேன். வேற என்ன சொல்றது!

உங்க ஊர்ல எப்படி? பத்து ரூபா திட்டம் ஒழுங்கா நடக்குதா, காலி பாட்டிலை வாங்க முகம் சுளிக்கறாங்களா? கைவேலை செய்யறவங்க யாராவது இதை நஷ்டம் இல்லாம நடத்தறீங்களா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, அந்த பஸ்ல பார்த்த அம்மாவுக்குச் சொல்லணும்.

பி.கு.: தேன் தீந்து போச்சு. பாட்டிலைக் கழுவிக் காய வெச்சிருக்கேன். அடுத்த ஞாயிறு கரியாலூர். ரங்கமணிக்கு இன்னும் சொல்லலை :-)